ஆறு பேர், நாலு நைட், தெற்கு ஸ்பெயின்: எதை முதல்ல புக் பண்றது?

கேள்வி: அக்கா, லண்டன்ல ஒண்ணா வேலை பாக்குற ஃப்ரெண்ட்ஸ் நாங்க ஆறு பேர். அக்டோபர் கடைசில நாலு நைட் தெற்கு ஸ்பெயின் போலாம்னு இருக்கோம். மலாகாவுக்கு ஃப்ளைட் சீப்பா காட்டுது. மலாகா, கிரனாடா, கோர்டோபா, செவில் நாலும் பாக்கணும், அதுக்கு ஒன்பது சீட் வேன் எடுத்துடலாம்னு ஒருத்தன் ஒத்தக்கால்ல நிக்கறான். ஒருத்தருக்கு மட்டும் இந்தியன் பாஸ்போர்ட், மத்தவங்க பிரிட்டிஷ். ரெண்டு பேர் சுத்த சைவம். ஃப்ளைட்ட இன்னிக்கே போட்டுடலாமா?

பதில்: போடாதீங்க. முதல்ல கிரனாடால இருக்கற அல்ஹம்ப்ரா, அதான் அந்தப் பழைய அரண்மனைக் கோட்டை, அதுக்கு டிக்கெட் எந்த தேதிக்கு இருக்குன்னு பாருங்க. அது கிடைக்கிற நாளை நடுவுல வச்சுதான் மத்ததெல்லாம். அக்டோபர்லயும் அங்க கூட்டம் கொறையாது, பல வாரம் முன்னாடியே வித்துப் போயிடும், அதுவும் ஆறு பேருக்கு ஒரே நேரம் வேணும்னா இன்னும் கஷ்டம். டிக்கெட் பேர் போட்டு வரும், ஒரிஜினல் பாஸ்போர்ட் கேப்பாங்க, அதனால ஸ்பெல்லிங் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே அடிங்க. உள்ள நாஸ்ரித் அரண்மனைக்கு தனியா ஒரு நேரம் போட்டிருக்கும், அத தவற விட்டா அந்த அரண்மனை அவ்ளோதான், மெயின் கேட்ல இருந்து அங்க நடக்கவே கால் மணி நேரம் ஆகும், ஆறு பேர்ல ஒருத்தர் செல்ஃபி எடுக்க நிப்பாரு, அதையும் கணக்குல வச்சுக்கோங்க. அரசு நடத்துற சைட்லயே வாங்குங்க. தேடினா மேல வர்ற சைட் பாதி கூடுதல் காசு வச்சு விக்கறதுதான்.

அந்த இந்தியன் பாஸ்போர்ட் நண்பருக்கு ஷெங்கன் விசா, அதாவது ஸ்பெயின் உட்பட பல ஐரோப்பிய நாட்டுக்குச் சேத்து குடுக்கற விசா வேணும், லண்டன்ல வேலை பாத்தாலும் வேணும். ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், கடைசி கெடு பயணத்துக்கு 15 நாள் முன்னாடி, ஆனா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதுதான் பாடு. விசா கைல வர்ற வரைக்கும் ரீஃபண்ட் இல்லாத ஃப்ளைட் அவருக்குப் போடாதீங்க. அல்ஹம்ப்ரா டிக்கெட் வீணானா சின்ன நஷ்டம், அது பரவால்ல.

இன்னொண்ணு, அக்டோபர் கடைசி வாரம் இங்க பிரிட்டன்ல ஸ்கூல் ஹாஃப் டெர்ம் லீவு. பிள்ளைங்க இருக்கறவங்க எல்லாரும் அப்பதான் கிளம்புவாங்க, விலை ஏறும். ஒரு வாரம் முன்னாடி தள்ள முடிஞ்சா தள்ளுங்க, 12ஆம் தேதி மட்டும் ஸ்பெயின்ல தேசிய லீவு, அத ஒட்டி வேண்டாம். சீப்பா தெரியற ஃப்ளைட்ல கேபின் பேக் சேத்தி இருக்கான்னு பாருங்க, ஆறு பேருக்கும் சேத்து கூட்டினப்புறம் சீப்பான்னு சொல்லுங்க.

வேன் வேண்டாம்ங்கறதுதான் என் அபிப்பிராயம். கிரனாடால பழைய ஏரியாவுல வெளி வண்டி போகக்கூடாத தெருவுங்க இருக்கு, கேமரா பிடிக்கும், ஃபைன் ரெண்டல் கம்பெனி வழியா வரும், அவங்க தனியா ஒரு சார்ஜ் வேற போடுவாங்க. டெபாசிட்டுக்கு யார் பேர்ல புக்கிங்கோ அவர் பேர்லயே கிரெடிட் கார்டு கேப்பாங்க, பெரிய தொகை பிளாக் ஆகும், டெபிட் கார்டு நீட்டினா முகத்த சுளிப்பாங்க. கவுன்டர்ல விக்கற இன்சூரன்ஸ விட வெளிய முன்னாடியே வாங்கற எக்ஸஸ் இன்சூரன்ஸ் (வண்டிக்கு சேதம்னா நம்ம கைல இருந்து கட்ட வேண்டிய பங்குக்கான இன்சூரன்ஸ்) ரொம்ப கம்மி, ஆனா அது இருந்தாலும் டெபாசிட் பிளாக் ஆகும், கீறல் விழுந்தா நீங்க கட்டிட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணணும். இதெல்லாம் படிச்சும் எடுக்கறதுன்னா பெட்ரோல் பாலிசி ஃபுல் டு ஃபுல் மட்டும், அதாவது ஃபுல் டேங்கோட வாங்கி ஃபுல் டேங்கோட திருப்பித் தர்றது.

நாலு நைட்டுக்கு நாலு ஊர்னா பெட்டி கட்டவே நேரம் சரியாப் போயிடும். செவில விட்டுடுங்க, அது தனியா ஒரு ட்ரிப்புக்கு ஆகும். மலாகா ஏர்போர்ட்ல இருந்தே கிரனாடாவுக்கு பஸ் இருக்கு, ரெண்டு மணி நேரம்தான். அங்க ரெண்டு நைட், மலாகால ரெண்டு நைட். மலாகால இருந்து கோர்டோபா வேகமான ட்ரெயின்ல சுமார் ஒரு மணி நேரம், காலைல போய் மெஸ்கித்தா, அதான் மசூதியா இருந்து சர்ச்சா மாறின பெரிய கட்டடம், அத பாத்துட்டு சாயங்காலம் திரும்பிடலாம். கிரனாடா மலை ஊர், பகல்ல வெயில் அடிச்சாலும் ராத்திரி ஜாக்கெட் இல்லாம முடியாது.

கேள்வி: சைவக்காரங்க பட்டினியா?

பதில்: இல்ல, ஆனா உஷாரா இருக்கணும். நம்ம ஊர் அர்த்தத்துல சைவம் அங்க பல பேருக்குப் புரியாது, இறைச்சி இல்லன்னு சொல்லிட்டு டூனா மீன் போட்டுடுவாங்க. சால்மோரெஹோன்னு தக்காளி சூப் குளிர்ச்சியா தருவாங்க, மேல முட்டையும் ஹாமும் தூவித்தான் வரும், ரெண்டும் வேண்டாம்னு முன்னாடியே சொல்லணும். கத்தரிக்காய வறுத்து மேல கரும்புப் பாகு ஊத்தறது ஒண்ணு, அத ஆர்டர் பண்ணுங்க. கிரனாடால டிரிங்க் வாங்கினா தொட்டுக்க ஒரு தட்டு ஃப்ரீ, அது என்னன்னு பெரும்பாலும் அவங்கதான் முடிவு பண்ணுவாங்க, கூல் டிரிங்க் சொல்லும்போதே சைவம்னு சொல்லிடுங்க. நைட் ஏழு மணிக்கு சாப்பாடு தேடி அலையாதீங்க, பல கிச்சன் எட்டு எட்டரைக்கு மேலதான் திறக்கும்.

கேள்வி: செலவ எப்படி பிரிக்கறது?

பதில்: ஃபாரின் ஃபீஸ் இல்லாத கார்டு யார்கிட்ட இருக்கோ அவங்க கட்டட்டும், ஆப்ல அன்னன்னிக்கே போட்டுடுங்க, ஊர் திரும்பி வந்து கணக்கு பாத்தா நட்பு கெடும். மெஷின்ல பவுண்டா யூரோவான்னு கேட்டா யூரோ அமுக்குங்க, பவுண்டு அமுக்கினா ரேட்ல கை வைப்பாங்க.