ரெண்டு சம்பந்தியும் ஒரே காட்டேஜ்ல, நான் எங்க போறது?

வணக்கம் மேடம்,

நாங்க இருக்கறது இங்கிலாந்துல லீட்ஸ்ல, நானும் வீட்டுக்காரரும் ஐடி, பையனுக்கு 11 வயசு, பொண்ணுக்கு 4. லவ் மேரேஜ். அவங்க வீடு திருச்சி, சுத்த சைவம், மாமா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்க வீடு நாகர்கோவில், எங்கப்பாவுக்கு மீன் இல்லாம சோறு இறங்காது. அதெல்லாம் கல்யாணமான புதுசுலயே பேசி முடிச்சாச்சு, அதுல இப்ப சண்டை எதுவும் கிடையாது.

பிள்ளைங்களுக்குத் துணையா இருக்கட்டும்னு ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் மாத்தி மாத்தி விசிட்டர் விசால வருவாங்க. இந்த வருஷம் டிக்கெட் போட்டதுல மாமா அத்தை கிளம்பறதுக்கு முன்னாடியே எங்க அப்பா அம்மா வந்து இறங்கற மாதிரி ஆயிடுச்சு. மே கடைசில ஸ்கூலுக்கு ஹாஃப் டெர்ம் லீவு, பேங்க் ஹாலிடே வேற, உடனே வீட்டுக்காரர் "எல்லாருமா ஸ்கார்பரோ பீச்சுக்குப் போயிட்டு வந்துரலாம், வெள்ளி போய் திங்கள் வந்துரலாம், பெரிய காட்டேஜா ஒண்ணு நீ பாத்து புக் பண்ணிடு, கார் நான் ஓட்டறேன்"னு சொல்லிட்டாரு. அதுல இருந்து எனக்கு தூக்கம் போச்சு.

போன சம்மர்ல மாமா அத்தையோட விட்பி போனோம். வீட்டுக்காரர் எல்லாருக்கும் ஒரு கடைல சிப்ஸ் (ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் மாதிரி இருக்குமே, அது) வாங்கிட்டு வந்தாரு, பெஞ்ச்ல உக்காந்து பாதி சாப்பிட்டப்புறம் பையன் போர்டை படிச்சுட்டு "இது பீஃப் ஃபேட்ல பொரிச்சதுப்பா"ன்னு சத்தமா சொல்லிட்டான். அத்தை அந்த மர ஃபோர்க்கை கீழ வச்சாங்க, டிஷ்யூல ஒவ்வொரு விரலா துடைச்சாங்க, ஹேண்ட்பேக்கை மடில எடுத்து வச்சுட்டு கடலைப் பாத்துட்டு உக்காந்துட்டாங்க. ராத்திரி தயிர்சாதம் கூட வேண்டாம்னுட்டாங்க, மறுநாள் தலைக்கு குளிச்சு விளக்கேத்தினாங்க, ஒரு வார்த்தை சொல்லல. திட்டியிருந்தா கூட பரவால்ல மேடம். அன்னைல இருந்து வெளிய எங்க போனாலும் நான் அவங்க மூஞ்சியையே தான் பாத்துட்டு இருக்கேன்.

இப்ப இதுல எங்க அம்மாவும் சேர்ந்தா? ஒரே கிச்சன், ரெண்டு பேரும் "நீங்க உக்காருங்க நான் பண்றேன்"னு நிப்பாங்க, யாருக்கு விட்டுக்கொடுத்தாலும் இன்னொருத்தருக்கு மனசு கஷ்டம். அப்பா மீன் கேப்பாரு. மாமாவுக்கு சுகர், டாய்லெட் எங்க இருக்குன்னு தெரியாம வெளிய வரவே யோசிப்பாரு. பையன் ஆர்கேட்ல காசு போட்டு விளையாடற அந்த 2 பென்ஸ் மெஷினை விட்டு நகரமாட்டான். யாரை என்ன கேட்டாலும் "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்மா, உங்க இஷ்டம்"ங்கற பதில் தான். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கற கதை தான் என் கதை. ஆபீஸ்ல ஆன் கால்னு பொய் சொல்லிட்டு வீட்டுலயே இருந்துடலாமான்னு தோணுது. நினைச்சாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. நான் சுயநலக்காரியா?

லீட்ஸ்ல இருந்து ஒரு வாசகி

லீட்ஸ் வாசகிக்கு,

மூணு நாள் லீவுல எட்டு பேரோட வயித்தையும் மனசையும் ஒரே ஆள் பாத்துக்கணும்னா யாருக்கும் ஓடிடணும்னு தான் தோணும், இதுக்கு சுயநலம்னு பேர் வைக்காதீங்க.

லெட்டரைத் திரும்பப் படிச்சப்போ எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. அத்தை விரலைத் துடைச்சது வரைக்கும் எழுதியிருக்கீங்க. வீட்டுக்காரர் எங்கெங்க வர்றாருன்னு பாருங்க: புக் பண்ணுங்கறாரு, கார் ஓட்டறேங்கறாரு, சிப்ஸ் வாங்கிட்டு வர்றாரு. சிப்ஸ் வாங்கினது அவரு, மனசு நொந்தது அவரைப் பெத்தவங்க, அதை இத்தனை மாசமா தூக்கிட்டு அலையறது மட்டும் நீங்க! மர்ரே போவன்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர், குடும்ப சிகிச்சைல பெரிய பேரு, அவர் இதை முக்கோணம்னு சொன்னாரு. ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு சங்கடம் வந்துச்சுன்னா அதைப் பேசித் தீக்காம மூணாவது ஆள் ஒருத்தரை உள்ள இழுத்துருவாங்க, அந்த ஆள் தலைல பாரம் ஏறிடும், அந்த ரெண்டு பேரும் அப்பாடான்னு இருப்பாங்க. நம்ம வீடுகள்ல அந்த மூணாவது ஆள் பெரும்பாலும் மருமக தான்.

அதனால முதல் வேலை உங்களுக்கு இல்ல, அவருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி அவர் தனியா அவங்கம்மாகிட்ட உக்காந்து விட்பி விஷயத்தைப் பேசணும், நீங்க அந்த ரூம்லயே இருக்க வேண்டாம். உங்க யார்க்‌ஷயர் பக்கம் நிறைய கடைல மாட்டுக் கொழுப்புல பொரிக்கறது ரொம்ப காலமா இருக்கற வழக்கம், வெஜிடபிள் ஆயில்ல பொரிக்கற கடைங்களும் இருக்கு, "எதுல பொரிக்கறீங்க"ன்னு கேட்டா கடைக்காரங்களே சொல்லிடுவாங்க. அதைக் கேக்கற டூட்டி இனிமே அவரோடது. புக்கிங்கும் அவரோடது.

புக்கிங்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஒரே பெரிய காட்டேஜ்ங்கற ஐடியா எனக்கு சுத்தமா பிடிக்கல. நடந்து போற தூரத்துல சின்னதா ரெண்டு ஃபிளாட் எடுக்கச் சொல்லுங்க. ஒரு கிச்சன்ல மீன் பொரியட்டும், இன்னொண்ணுல வெங்காயம் கூட இல்லாம சமையல் நடக்கட்டும், யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதே இல்ல. சம்பந்திங்க பாதி நேரம் பிரிஞ்சு இருந்தா தான் மீதி நேரம் சிரிச்சுப் பேசுவாங்க, நான் பாத்த வரைக்கும் இது தான் உண்மை.

பகல்லயும் எட்டு பேரும் கும்பலா சுத்தணும்னு எந்த சட்டமும் இல்ல. மாமா பொன்மலைக்காரர்னு எழுதினீங்களே, அவருக்கு ஸ்கார்பரோ மாதிரி ஊர் அமையாது. பிரிட்டன்லயே முதல்ல வந்த கிளிஃப் லிஃப்ட் அங்க தான், 1875ல போட்டது, சரிவுல தண்டவாளம் போட்டு ஒரு பெட்டி ஏற இன்னொண்ணு இறங்கும். டவுன்ல இருந்து சவுத் பே பீச்சுக்கு இறங்கற சென்ட்ரல் டிராம்வே 1881ல வந்தது. நார்த் பேல 1931ல இருந்து ஒரு குட்டி ரயில் பார்க்குக்கும் கடற்கரைக்கும் நடுவுல ஓடுது. ஸ்டேஷன் பிளாட்ஃபார்ம்ல 139 மீட்டர் நீளத்துக்கு ஒரே பெஞ்ச், அதைப் பாத்தாலே அவருக்கு அரை மணி நேரம் பேச்சு வரும். அவரை நீங்க கூட்டிட்டு போறதா நினைக்காதீங்க, பையனை அவர் கையில ஒப்படைங்க. டிக்கெட் வாங்கறது, டாய்லெட் எங்கன்னு கேக்கறது பையன் வேலை, கேபிள் எப்படி இழுக்குதுன்னு சொல்லித்தர்றது தாத்தா வேலை. டாய்லெட் பயத்துல தண்ணியே குடிக்காம இருக்கற பெரியவங்க நிறைய பேர், சுகர் இருக்கறவங்களுக்கு அது ஆபத்து, இதை பையன்கிட்டயும் சொல்லி வைங்க.

உங்கப்பாவை ஹார்பர் பக்கம் விட்டுடுங்க, நண்டும் லாப்ஸ்டரும் இறக்கற படகுங்க இன்னும் வருது, அவருக்குப் பொழுது போயிடும். கடல் கிழக்கு பாத்தது, மே கடைசில காலை 4.30 வாக்குல சூரியன் வந்துரும், பெரியவங்க எப்படியும் முழிச்சுத் தான் இருப்பாங்க, ஸ்வெட்டர் குல்லாவோட நாலு பேரும் போய் பாத்துட்டு வரட்டும். நீங்க எந்திரிக்காதீங்க, ஃபிளாஸ்க்ல டீ போட்டுத் தர்றேன்னும் கிளம்பிடாதீங்க.

"ஒண்ணும் வேண்டாம்"ங்கறதுக்குப் பின்னாடி பெரும்பாலும் கணக்கு தான் ஓடுது, ஒரு பவுண்டுன்னா நூறு ரூபாய்க்கு மேல. அதனால என்ன வேணும்னு கேக்காதீங்க. "பீஸ்ஹோம் பார்க் ஏரிக்கரைல உக்காரலாமா, பீச்சுக்குப் போலாமா"ன்னு ரெண்டுல ஒண்ணு கேளுங்க, பதில் வரும்.

இனி அத்தை மூஞ்சி. அங்கயும் ஏதாவது ஒரு நேரம் வாடத்தான் செய்யும், காத்து அடிக்கும், கால் வலிக்கும், உங்கம்மா ஏதாவது சொல்லியிருப்பாங்க. ஓடிப்போய் "என்னாச்சு அத்தை"ன்னு கேக்காம ஒரு பத்து நிமிஷம் சும்மா இருந்து பாருங்க. முதல்ல ரொம்ப கஷ்டமா இருக்கும், கை பரபரக்கும், அப்புறம் தானா அடங்கும். நிஜமாவே ஏதாவது வேணும்னா அவங்க மகன் பக்கத்துல தான் இருக்காரு. ரெண்டு அம்மாவும் குடும்பம் நடத்தி பிள்ளைங்களைக் கரையேத்தினவங்க, ஒரு சின்ன மனத்தாங்கலை அவங்களுக்குள்ளயே பேசித் தீத்துக்குவாங்க.

தூக்கம் போறதும் படபடப்பும் பத்தி: ஸ்கார்பரோ போயிட்டு வந்தப்புறமும் தொடர்ந்தா தள்ளிப்போடாதீங்க. ஒருதடவை ஜிபியை, அதாங்க குடும்ப டாக்டரை, பாத்துடுங்க. இங்கிலாந்துல அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ல டாக்கிங் தெரபீஸ்னு பேச்சு வழி சிகிச்சை இருக்கு, காசு கிடையாது, ஜிபி லெட்டர் இல்லாம ஆன்லைன்ல நீங்களே நேரா பதிவு பண்ணிக்கலாம்.