சவுண்ட் ப்ரூஃப் செய்த ஹோம் தியேட்டர் அறைக்குள் வெளிக்காற்று வர என்ன வழி?

ஏசி ஓடியும் படம் பாதி போவதற்குள் தலை கனக்கிறது, சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடைத்த வேலை அத்தனையும் வீணாகிவிடும்.

ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுழற்றிக் குளிர வைக்கிறது. உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுவார். 5 × 4 மீட்டர், 2.7 மீட்டர் உயரமுள்ள அறையில் ஆறு பேர் இருந்தால் மணிக்கு 2000 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) ஏறும். வெளிக்காற்றில் இருப்பதோ 420 சொச்சம். "எங்கள் அறையில் அப்படி எதுவும் ஆகவில்லையே" என்பவர்களுக்கு ஒரே பதில்: உங்கள் அறையில் எங்கோ இடுக்கு இருக்கிறது, சத்தமும் அது வழியாகத்தான் போகிறது.

ஆளுக்கு நொடிக்கு 8 லிட்டர் வெளிக்காற்று கொடுத்தால் அளவு 1000 பிபிஎம்மை ஒட்டி நிற்கும். ஆறு பேருக்கு மணிக்குச் சுமார் 170 கன மீட்டர். இதை 150 மி.மீ. டக்டில் (காற்றுக் குழாயில்) அனுப்பினால் வேகம் நொடிக்கு 2.7 மீட்டர், வசன இடைவெளியில் இரைச்சல் கேட்கும். 200 மி.மீ. என்றால் 1.5 மீட்டர்தான். முகப்பில் 300 × 300 மி.மீ. கிரில் போடுங்கள்.

இனி துளை. 55 டெசிபல் தடுக்கும் 12 சதுர மீட்டர் சுவரில் வெறும் 150 மி.மீ. துளை ஒன்று போட்டாலே தடுப்பு 28 டெசிபலுக்கு இறங்கும். 200 மி.மீ. என்றால் இன்னும் மோசம். ஆகவே ஒவ்வொரு துளைக்கும் ஒரு மஃப்ளர் பெட்டி (காற்றை விட்டு, சத்தத்தை மட்டும் அடக்கும் பெட்டி) கட்டாயம். 18 மி.மீ. எம்டிஎஃப் (அழுத்திய மர நார்ப் பலகை) இரண்டு அடுக்கு, உள்ளே துணி போர்த்திய 50 மி.மீ. ராக்வூல் (கல் இழைப் பஞ்சு), காற்று வளைந்து வளைந்து போகும்படி குறுக்குப் பலகைகள். பலரும் தவறுவது பாதை அளவில்: ராக்வூல் ஒட்டிய பிறகு மிஞ்சும் வழி டக்டின் பரப்பைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். பலகை ஏன் இவ்வளவு கனம் என்றால், 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கு மேல். அதை 50 மி.மீ. ராக்வூல் விழுங்காது, பெட்டியின் எடைதான் தடுக்கும்.

காற்று வர ஒரு பெட்டி, போக ஒரு பெட்டி. கதவில் கேஸ்கட் (இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை) இருக்கும்போது எக்ஸாஸ்ட் மட்டும் வைத்தால், ஃபேன் சுற்றும், காற்று நகராது. ஃபேன், மஃப்ளர் பெட்டிக்கு அப்பால், அறைக்கு வெளியே ரப்பர் ஹேங்கரில் தொங்கட்டும். தேவையைவிடப் பெரியதாக வாங்கி மெதுவாக ஓட்டுங்கள். இரட்டைச் சுவர் என்றால் நடுவில் ஃப்ளெக்சிபிள் டக்ட். இரும்புக் குழாய் இரண்டு சுவரையும் தொட்டால் அதிர்வு நேராகக் கடந்துவிடும். டக்ட் சுவரைக் கடக்கும் இடத்தில் சுற்றிலும் சிமென்ட் வேண்டாம், இறுகாத சீலன்ட் பூசுங்கள்.

காற்று முன்பக்கம் நுழைந்து, பின்னால் புரொஜெக்டருக்கு மேலே கூரையோரம் வெளியேறட்டும். சூடும் கூடவே போய்விடும். நுழைவு ஃபில்டரைக் கழற்ற ஒரு சிறு கதவு வையுங்கள். ஈரப்பதமுள்ள ஊரானால் டக்டுக்கு இன்சுலேஷன் சுற்றாமல் விடாதீர்கள், நீர் சொட்டும்.

ஒரு ஆதங்கம். ஸ்பீக்கர் இடத்தை அங்குலக் கணக்கில் குறிக்கும் வரைபடங்களில் காற்றுக்கு ஒரு கோடுகூட இருப்பதில்லை. ஜிப்சம் போர்டு ஏறிய பிறகுதான் இந்தக் கேள்வியே வருகிறது, அப்போது பெட்டிக்கு இடம் இருக்காது. உங்களுக்கும் அதே நிலை என்றால், பக்கத்து அறையின் பரண் மேல் இரண்டு பெட்டிகளையும் வைக்கலாம். முடித்ததும் என்டிஐஆர் சென்சார் (அகச்சிவப்பு ஒளியால் கார்பன் டை ஆக்சைடை அளப்பது) உள்ள மீட்டரை இருக்கை உயரத்தில் வைத்து, முழு ஆட்களோடு ஒரு படம் ஓட்டிப் பாருங்கள். 1200 பிபிஎம்மைத் தாண்டினால் ஃபேன் வேகத்தை ஒரு படி கூட்டுங்கள்.