தார் பாலைவனத்துக் கலைகள்: கேள்வி பதில்

மேற்கு ராஜஸ்தானின் பாட்டையும் படத்தையும் தேடி வருடக்கணக்காக அலைந்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓவியம் படிக்கும் மாணவி: ராஜஸ்தானின் நாட்டுப்புறத் தெய்வம் பாபுஜியின் கதை வரைந்த ‘பட்’ துணியைப் பார்த்தேன். கதை எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. இடமிருந்து வலமா?

இடமும் இல்லை, வலமும் இல்லை அம்மா. அது ஊர் வாரியாக வரைந்த படம். நடுவில் பாபுஜியின் கோலூ கிராமம். ஒரு ஓரத்தில் அவர் ஒட்டகம் கவர்ந்து வந்த இலங்கை. மறு ஓரத்தில் அவர் பெண் எடுத்த உமர்கோட்; இன்று அது பாகிஸ்தானின் சிந்துவில் இருக்கிறது. முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் ஒரே ஊர் என்றால் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் கதை தெரிந்த போபா, அதாவது அதைப் பாடும் பூசாரி, இல்லாமல் அந்தத் துணியைப் படிக்க முடியாது.

நான் பார்த்தது ஒரு குளிர்கால இரவில். சுமார் பதினைந்து அடித் துணியை இரண்டு கம்புகளில் கட்டி நிறுத்தியிருந்தார்கள். போபா, வில்லால் இழுத்து வாசிக்கும் ராவணஹத்தாவை வாசித்துக்கொண்டே ஆடினார். அவர் மனைவி முக்காட்டுக்குள்ளிருந்து அடுத்த அடியை எடுத்துப் பாடியபடி, எண்ணெய் விளக்கை ஒரு உருவத்தின் அருகே கொண்டுபோனார். அந்த ஒரு கை அகலத்துக்கு மட்டும் சிவப்பும் ஆரஞ்சும் எழுந்து வந்தன. மற்றதெல்லாம் இருட்டு. விளக்கு நகர்ந்தால்தான் கதை நகரும். அருங்காட்சியகத்துக் குழல்விளக்கில் முழுத் துணியும் ஒரே சமயத்தில் தெரிகிறதே, உங்கள் குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

வரைகிறவர்கள் ஷாபுரா, பீல்வாடா பக்கத்து ஜோஷிகள். துணிக்குக் கஞ்சி போட்டு, கல்லால் தேய்த்து வழுவழுப்பாக்கி, வெளிர் மஞ்சளில் கோடு இழுப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு நிறமாக ஏறும். கறுப்புக் கோடு கடைசி. பாபுஜி உருவத்துக்குக் கண் வரைந்து திறந்துவிட்டால் அது துணி இல்லை, கோயில். நைந்துபோனால் தூக்கி எறிய மாட்டார்கள், புஷ்கர் ஏரியில் கரைப்பார்கள்.

ஒட்டகம் மேய்க்கும் ரைக்கா மக்களுக்கு அவர்தான் தெய்வம். ஒட்டகத்துக்கு நோய் வந்தால் பட் விரித்துப் பாடச் சொல்வார்கள். 2012இல் நாட்டில் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம்தான். பாடச் சொல்லிக் கூப்பிடும் வீடுகளும் அதோடு சேர்ந்தே குறைகின்றன. எனக்குப் பெரிய கவலை இதுதான்.

இசை ஆர்வலர் ஒருவர்: பரம்பரைப் பாட்டுக்காரர்களான மங்கணியார்கள் முஸ்லிம்கள். இந்து வீட்டுக் கல்யாணத்தில் கிருஷ்ணன் பாட்டு பாடுகிறார்களே, எப்படி?

அவர்களுக்கு அதில் முரண்பாடே இல்லை. தலைமுறை தலைமுறையாக அவர்களை ஆதரிக்கும் ‘ஜஜ்மான்’ குடும்பங்களில் பெரும்பாலானவை ராஜபுத்திரர் வீடுகள். அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் ஒரு பாட்டு, கல்யாணத்துக்குப் பல பாட்டு, சாவுக்கும் பாட்டு. அந்த வம்சத்தின் பெயர் வரிசை மங்கணியாரின் நாக்கில் இருக்கிறது. கூலியாகத் தானியமோ ஆடோ ஒட்டகமோ பணமோ வரும். அப்பாவின் ஜஜ்மான் வீடுகளைப் பிள்ளைகள் சொத்து மாதிரி பங்கிட்டுக்கொள்வார்கள். இதே ஏற்பாடு இன்னொரு பாட்டுக்காரச் சமூகமான லங்காக்களுக்கும் உண்டு. அவர்களை ஆதரிப்பவர்கள் சிந்தி முஸ்லிம்கள்.

வாத்தியம் என்று பார்த்தால், லங்காக்களுக்குச் சிந்தி சாரங்கி என்றால் மங்கணியார்களுக்குக் கமாய்ச்சா. மாமரத்தில் குடைந்த உருண்டைக் குடம், மேலே ஆட்டுத்தோல், முக்கியத் தந்திகள் குடல் நரம்பு. வில்லை இழுத்தால் தொண்டை கட்டிய ஒரு பெரியவர் மனம் விட்டுப் பாடுவது போலிருக்கும். ஹமீரா ஊர் சாகர் கான் அதை வாசித்தே 2012இல் பத்மஸ்ரீ வாங்கினார். அடுத்த வருடமே போய்விட்டார். அவர் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள்.

பள்ளி ஆசிரியர்: ராவணஹத்தாவை இலங்கை ராவணன்தான் செய்தானா?

அது ஐதீகம் ஐயா. கையில் இருப்பது மூங்கில் தண்டும் கொட்டாங்குச்சியும். வில்லில் சலங்கை கட்டியிருப்பதால் தாளமும் அதிலேயே வந்துவிடும்.

சுற்றுலா போய் வந்த தம்பி: ஓட்டலில் கல்பேலியா ஆட்டம் பார்த்தேன். ஆயிரம் வருடப் பழசு என்றார்கள். நிஜமா?

அப்படிச் சொல்ல முடியாது தம்பி. கல்பேலியாக்கள் பாம்பாட்டிகள். 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் பாம்பை வைத்துப் பிழைக்க முடியவில்லை. இன்று மேடையில் பார்க்கிற ஆட்டம் அதற்கப்புறம் உருவானது. கறுப்புப் பாவாடையும் சுழற்சியும் மகுடி ஒலியும் அந்தப் பழைய பிழைப்பை நினைவில் வைத்திருக்கின்றன. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெண் குழந்தை என்று பிறந்த அன்றே மண்ணில் புதைக்கப்பட்டு, மீட்கப்பட்ட குலாபோ சபேரா தான் அதை உலக மேடைக்குக் கொண்டுபோனார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த ஆட்டத்துக்கு வயது குறைவு என்பதால் அதன் மதிப்புக் குறையாது.

குடும்பத்தோடு டிசம்பரில் போகும் அக்கா: ஒரே ஒரு இடம் சொல்லுங்களேன்.

ஜோத்பூர் பக்கத்தில் மோக்லாவாஸ் போங்கள் அக்கா. அங்கே அர்ணா ஜர்ணா என்று ஒரு அருங்காட்சியகம். வாழ்நாள் முழுக்க இந்த மக்களின் பாட்டைச் சேகரித்த கோமல் கோத்தாரி தொடங்கியது. ராஜாவின் வாளும் சிம்மாசனமும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே சேர்த்து வைத்திருப்பது துடைப்பங்கள். எந்தப் பகுதியில் என்ன புல், அது முற்றம் கூட்டவா வீட்டுக்குள் கூட்டவா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சேதி உண்டு. பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.