அம்மா விழுந்ததை ஏன் கடைசி வரியில் எழுதினீர்கள்?

"ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 78. மாதம் ஒருமுறை ஒரு பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார். டம்ளரைத் தூக்கினால் கை நடுங்குகிறது, பெயர்கள் மறக்கின்றன. பார்க்கின்சன்ஸாக இருக்குமோ? தூக்கத்துக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தந்தேன். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை, விடியற்காலையில் பாத்ரூம் போகும்போது விழுந்தார். அடி இல்லை."
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

கை நடுக்கத்தை விடுங்கள். பார்க்கின்சன்ஸ் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் வரும். மறந்த பெயர் கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்தால் கவலையில்லை. இன்டர்நெட்டில் தேடுவதை நிறுத்துங்கள்.

விழுந்ததுதான் விஷயம். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். இடுப்பெலும்பு முறிந்தால் பல பேர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. "தடுக்கிடுச்சு" என்பார்கள். எழுந்ததும் கண் இருட்டியதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

இந்த வாரமே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்யுங்கள். அம்மாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பார்க்கட்டும். எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை. மேல் அளவு 20 இறங்கினால் மாத்திரையின் அளவை டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

அப்புறம் மாத்திரை டப்பா. கிறுகிறுப்பு என்று வந்த ஒரு பாட்டியின் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். வீட்டுக்கு வந்து தந்த அட்டை ஒன்று, தனியார் டாக்டர் எழுதியது ஒன்று. பெயர்தான் வேறு, மருந்து ஒன்றே. காலையில் இரண்டையும் விழுங்கியிருக்கிறார். உங்கள் தூக்க மாத்திரை அதைவிட மோசம். அரைத்தூக்கத்தில் எழுந்தால் கால் நிற்குமா? எத்தனை நாளாகத் தருகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து என் முன்னால் உட்காருகிற அம்மாவின் பாத்ரூம் வாசலில் பாசி பிடித்த கல் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வருகிறவருக்குத் தெரியும். கல்லைத் தேய்க்கச் சொல்லுங்கள், ராத்திரி முழுக்க ஒரு லைட் எரியட்டும். வீட்டுக்கே வந்து மருந்து தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு, கேட்டு வரவழையுங்கள்.

விழுந்தபோது தலை இடித்ததா என்று இன்றே கேளுங்கள். சில வாரம் கழித்துக்கூட தலைவலி, ஓயாத தூக்கம், ஒரு பக்கக் கால் இழுப்பு வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.