வாசகர் கேள்வி – பதில்: கயிறு இல்லாத குளியாள்

கேள்வி: எங்கள் படகில் ஜி.பி.எஸ். கருவியும் எக்கோ சவுண்டரும் இருப்பதால், கரை மறைந்த பின்னும் வலை விட்ட இடத்துக்குத் திரும்பி விடுகிறோம். ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில் ஆள் இல்லாமல் ஓடும் கலம் தான் இருக்கும் இடத்தை எப்படி அறிகிறது? (மீனவர், உவரி)

பதில்: ஜி.பி.எஸ். அங்கே உதவாது. செயற்கைக்கோளிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கடல்நீர் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுகிறது. நீருக்குள் நெடுந்தொலைவு செல்லக்கூடியது ஒலி ஒன்றுதான். அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஐயாயிரம் மீட்டருக்குக் கீழே இருக்கும் கலத்திடம், அதை இறக்கிய கப்பல் ஒரு கேள்வி கேட்டால், கேள்வி போய்ச் சேர மூன்று நொடிக்கு மேலும், விடை வந்து சேர அதே அளவு நேரமும் ஆகும். அந்த வழியில் சிறு சிறு செய்திகள் செல்லுமே தவிர நேரடிக் காட்சி செல்லாது. ஆகையால் மேலிருந்தபடி ஒருவர் அதை ஓட்டுவதற்கு இடமில்லை. போகவேண்டிய பாதை, பறக்கவேண்டிய உயரம், கோளாறு நேர்ந்தால் செய்யவேண்டியது ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே அதன் கணினியில் எழுதிக் கொடுத்துத்தான் இறக்குகிறார்கள்.

இறங்கிய பின், கண்ணைக் கட்டிக்கொண்டு அடியெண்ணி நடப்பவரைப் போல, அது தன் நகர்வைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. உள்ளே இருக்கும் கருவிகள் ஒவ்வொரு திருப்பத்தையும் வேக மாற்றத்தையும் அளந்துகொண்டே இருக்கும். ஆனால், இந்தக் கணக்கில் சிறு பிழை நுழைந்தாலும் அது நேரம் செல்லச் செல்லப் பெருகும். அதைக் கட்டுப்படுத்த, டாப்ளர் கருவி தரையை நோக்கிச் சாய்வாக ஒலிக்கற்றைகளை அனுப்பி, எதிரொலியின் சுருதி எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கொண்டு, தரையைச் சார்ந்த உண்மையான வேகத்தைக் கண்டறிகிறது. தரைக்குச் சுமார் இருநூறு மீட்டருக்குள் வந்தால்தான் இக்கருவி பயன்படும் என்பதே இதிலுள்ள சிக்கல். இறங்கும் வழியில், மேலும் எட்டாத கீழும் எட்டாத நடுநீரில், பற்றிக்கொள்ள எதுவும் இல்லாத கலத்தை நீரோட்டம் தன் போக்கில் தள்ளிக்கொண்டு போகும். நீரோட்டம் வலையை இழுத்துப் போவதைக் கண்ட உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அந்த வேளையில் கப்பல், ஒலி வந்த திசையையும் தொலைவையும் அளந்து, ‘நீ இருப்பது இந்த இடம்’ என்று கலத்துக்குத் தெரிவிக்கிறது. மிகுந்த துல்லியம் வேண்டுமானால், ஒலிக்குப் பதிலொலி தரும் கருவிகள் மூன்று நான்கை நில அளவைக் கற்களைப் போலக் கடலடியில் முன்னதாகவே நட்டுவைப்பதும் உண்டு.

கேள்வி: ஒலியை அனுப்பி எதிரொலியால் கடலடியைப் படமாக்கும் சோனார் கருவி கப்பலின் அடியிலேயே இருக்கும்போது, இவ்வளவு செலவு செய்து கீழே இறங்குவது ஏன்? (ஆசிரியை, அம்பாசமுத்திரம்)

பதில்: டார்ச் விளக்கைத் தொலைவில் பிடித்தால் வெளிச்சம் விரிந்துவிடுவதைப் போல ஒலிக்கற்றையும் விரிகிறது. ஒரு பாகை அகலமுள்ள கற்றை, ஐயாயிரம் மீட்டர் கீழே தரையைத் தொடும்போது ஏறத்தாழ 87 மீட்டர் அகலம் ஆகிவிடும். ஒரு தெப்பக்குளமே அந்தப் படத்தில் ஒற்றைப் புள்ளியாகத்தான் தெரியும். அதே கருவியைத் தரைக்கு ஐம்பது மீட்டர் மேலே கொண்டுபோனால், புள்ளியின் அகலம் ஒரு மீட்டருக்கும் கீழே குறைகிறது. நுண்ணிய விவரம் தரும் உயர் அதிர்வெண் ஒலியை நீர் விரைவில் உறிஞ்சிவிடுவதால், அதை அருகிலிருந்துதான் பயன்படுத்த முடியும்.

எனவே கலம், ஏர் பூட்டிச் சால் சாலாக உழுவதைப் போல, இணையான கோடுகளில் போவதும் வருவதுமாகத் தரையை வருடுகிறது. பக்கவாட்டு சோனார், கிடக்கும் பொருள்களின் ஒலி நிழல்களைப் படமாக்குகிறது. மற்றொரு கருவி சேற்றுக்குக் கீழே உள்ள அடுக்குகளைக் காட்டுகிறது. ஒளிப்படம் வேண்டுமானால் இன்னும் தாழ்ந்து, தரைக்குச் சில மீட்டர் உயரத்தில் பறக்கவேண்டும். அதற்கு மேலே சென்றால், தான் கொண்டுவந்த விளக்கொளியையே நீர் தின்றுவிடும்.

கேள்வி: போன கலம் திரும்பி வரும் என்பதற்கு என்ன உறுதி? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: முழு உறுதி இல்லை. அமெரிக்காவின் ‘ஏப்’ என்னும் புகழ்பெற்ற கலம் இருநூறு முறைக்கு மேல் மூழ்கி எழுந்த பின், 2010 மார்ச்சில் சிலி நாட்டுக் கடலில் தொலைந்துபோனது. ஆறாயிரம் மீட்டர் ஆழத்தில், விரல் நகம் அளவே உள்ள ஒரு சதுர சென்டிமீட்டரின் மீது ஏறத்தாழ 600 கிலோ எடை அழுத்துகிறது. மின்னணுக் கருவிகளைத் தடித்த உலோகக் கூடுகளுக்குள் அடைக்கிறார்கள். மிதப்புக்கு, நுண்ணிய கண்ணாடிக் குமிழ்களைப் பிசினில் கலந்து வார்த்த திண்மமான நுரையைப் பயன்படுத்துகிறார்கள்.

நம் தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பற்றிக்கொண்டு விரைவாக இறங்கினார்கள் அல்லவா? இக்கலமும் எடை கட்டிக்கொண்டு இறங்குகிறது. வேலை முடிந்ததும் எடையைக் கழற்றிவிட்டு மிதந்து எழுகிறது. குளியாளுக்குப் படகில் கயிறு பிடிக்க ஒருவர் இருந்தார். இதற்கு எவரும் இல்லை. அதனால்தான் மின்கலம் குறைந்தாலும், நீர் கசிந்தாலும், அனுமதித்த ஆழத்தைத் தாண்டினாலும் தானே எடையை உதறும்படி அமைக்கிறார்கள். காணாமற்போன மலேசிய விமானத்தைத் தேடி 2014 ஏப்ரலில் இறக்கப்பட்ட ‘புளூஃபின்-21’, தன் எல்லையான 4,500 மீட்டரைக் கடக்க நேர்ந்ததும் முதல் நாளே பணியை நிறுத்திவிட்டு மேலே வந்துவிட்டது. அப்போது அதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. என் பார்வையில் அது கலம் காட்டிய ஒழுங்கு.

கேள்வி: இத்தகைய கலம் நம் நாட்டில் உண்டா? (வாசகர், திசையன்விளை)

பதில்: உண்டு. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இயக்கும் ‘ஓ.எம்.இ. 6000’ ஆறாயிரம் மீட்டர் வரை செல்லவல்லது. மத்திய இந்தியப் பெருங்கடலில் உலோக உருண்டைகள் உருளைக்கிழங்கைப் போலச் சிதறிக் கிடக்கும் பகுதியில், 2022 டிசம்பரில் 5,271 மீட்டர் ஆழத்தில் அது ஆய்வு செய்தது. பின்னர், அதே பெருங்கடலின் நடுவே ஓடும் கடலடி மலைமுகட்டில், சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் கொதிநீர் பீறிடும் ஊற்று ஒன்றைப் படமெடுத்தது; அச்செய்தி 2024 டிசம்பரில் வெளியானது.

உவரி வாசகருக்கு மீண்டும் ஒரு சொல். வேலை முடித்துக் கலம் மேலே வந்ததும் ஜி.பி.எஸ். மறுபடி உயிர்பெறுகிறது, கலம் தன் இருப்பிடத்தைக் கப்பலுக்குச் சொல்லி, விளக்கை மின்னவிட்டுக் காத்திருக்கிறது. அதன் பிறகு, அலையில் ஏறியிறங்கும் அந்த உலோக உடலில் கொக்கியை மாட்டி, கப்பலின் பக்கத்தில் மோதாமல் தூக்கவேண்டும். பல மணி நேரம் ஆழத்தில் தனியே உழைத்த கலம் அடிபட மிகுந்த வாய்ப்புள்ள இடம், எழுந்த பின் வரும் இந்தச் சில மீட்டர்தான்.