வறண்ட தோட்டத்துப் பூச்செடிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெரிய தொட்டியில் மூன்று ஆண்டுகளாகக் காகிதப்பூச் செடி வளர்க்கிறேன். நாள் தவறாமல் நீர் ஊற்றுகிறேன். மாதம் ஒருமுறை யூரியாவும் இடுகிறேன். கிளைகள் ஆளுயரத்திற்கு வளர்ந்து இலையும் செழித்திருக்கிறது. ஆனால் ஒன்றிரண்டு கொத்துக்கு மேல் பூப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: யூரியாவை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதில் 46 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. அதை மாதந்தோறும் பெறுகிற செடி, நீருக்கும் பஞ்சமில்லாதபோது, இலையும் கிளையுமாக நீண்டுகொண்டே போகும். நீர் சற்றுக் குறைந்து கிளை நீள்வது நின்றால்தான் காகிதப்பூ மொட்டுக் கட்டத் தொடங்குகிறது. ஆகவே மேல்மண் இரண்டு அங்குல ஆழத்திற்கு உலரும்வரை நீர் ஊற்றாமல் காத்திருங்கள். இளம் இலைகள் இலேசாகத் துவளத் தொடங்கியதும், தொட்டியின் அடித்துளை வழியே நீர் வெளியேறும் அளவுக்கு ஒரே தடவையில் நிறைவாக ஊற்றுங்கள். பிறகு மீண்டும் உலர விடுங்கள். இப்படி நான்கைந்து வாரம் பொறுமையாக நடத்தினால் கிளை நுனிகளில் நிறம் தோன்றுவதைப் பார்க்கலாம். நிறம் கண்ட பிறகு பட்டினி போட வேண்டாம். மண் முற்றிலும் காய்ந்துபோனால் வந்த பூவும் உதிர்ந்துவிடும்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடத்தில் தொட்டி இருக்க வேண்டும். நிழலில் நிற்கும் செடிக்கு நீரைக் குறைத்துப் பயனில்லை. ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் நீண்ட கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்துச் செய்யுங்கள். அடுத்த பூ புதுத்துளிர்களில்தான் வரும். தொட்டி மாற்றும் எண்ணம் இருந்தால் அவசரப்பட வேண்டாம். வேர் சற்று நெருக்கமாக இருக்கும்போது இந்தச் செடி நன்றாகவே பூக்கும். மேலும் அதன் வேர்கள் மெல்லியவை, மண்கட்டி உடைந்தால் எளிதில் அறுந்துவிடும்.

பூ வந்ததும் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாம் இதழ் என்று நினைக்கும் மூன்று வண்ணத் தாள்களும் நிறம் மாறிய இலைகளே. ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் மெல்லிய குழல் ஒன்று ஒட்டியிருக்கும். அதன் வாயில் சிறு விண்மீன்போல வெளிறிய நிறத்தில் விரிந்திருப்பதுதான் உண்மையான பூ. அந்தச் சிறு பூ வாடிய பின்னும் வண்ணத் தாள்கள் வாரக்கணக்கில் நிலைத்திருக்கின்றன. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடியின் ஆங்கிலப் பெயரான போகன்வில்லா, 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடற்பயணத் தலைவர் பூகன்வில்லின் நினைவாக வந்தது. அந்தப் பயணத்தின் தாவரவியலாளர் கொமர்சனுக்கு உதவியாளராக, ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே என்ற பெண்மணியையும் இந்தச் செடியைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

கேள்வி: வறட்சியைத் தாங்கும் என்று சொன்னதை நம்பி நீலக் கொடிவேலியும் மஞ்சள் பூப் பூக்கும் டெகோமாவும் வாங்கி, கோடையின் தொடக்கத்தில் தரையில் நட்டேன். பத்து நாள் நீர் விட்டுப் பிறகு நிறுத்தினேன். இரண்டும் காய்ந்துவிட்டன. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இல்லை, வேரூன்றிய செடிக்குச் சொல்ல வேண்டியதை நாற்றுக்குச் சொல்லிவிட்டார்கள். பையில் வளர்ந்த செடியின் வேர் ஒரு சாண் அளவு மண்ணுக்குள்தான் இருக்கும். அது பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு கலந்த இலேசான கலவை. வெயிலில் ஒரே நாளில் உலர்ந்துவிடும், ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் நீரை எளிதில் ஏற்காது. சுற்றிலும் தரை ஈரமாக இருக்கும்போதே நடுவில் இருக்கும் வேர்க்கட்டி காய்ந்துகிடப்பது இதனால்தான். என் தோட்டத்தில் பட்டுப்போன ஒரு செடியைப் பிடுங்கியபோது, நட்டு ஓராண்டு ஆகியும் வேர்கள் பையின் வடிவத்திலேயே வட்டமாகச் சுருண்டு கிடந்தன. ஒன்றுகூடப் பக்கத்து மண்ணைத் தொட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து நடுவதற்கு முன் சுருண்ட வேர்களை விரலால் பிரித்து, பிரியாதவற்றை நறுக்கிவிட்டே நடுகிறேன்.

அடுத்த முறை மழை தொடங்கும் பருவத்தில் நடுங்கள். குழி வேர்க்கட்டியைப் போல இருமடங்கு அகலமாகவும் அதே ஆழத்திலும் இருக்கட்டும். மழையில்லாத நாட்களில் முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்ட ஒரு நாள் நீர் விட்டு, அடுத்த மூன்று மாதங்களுக்கு வாரம் இருமுறையாகக் குறைத்து, ஓராண்டு நிறையும்வரை வாரம் ஒருமுறை தொடருங்கள். தினம் ஒரு குவளை தெளிப்பதால் வேர் மேலேயே தங்கிவிடும். வட்டப்பாத்தி கட்டி ஒரு வாளி நீரை மெல்ல ஊற விடுவதே வேரைக் கீழே இழுக்கும். காய்ந்த இலைச் சருகை இரண்டு மூன்று அங்குலக் கனத்திற்கு மூடாக்காகப் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் மட்டும் வெறுமையாக விடுங்கள்.

கேள்வி: சுவரோரம் நட்ட வெட்சியின் இலைகள் மஞ்சளாகின்றன. வெயில் அதிகமா?

பதில்: எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் என்றால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நுனித் துளிர் மஞ்சளித்து, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. வெட்சி அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. சுவரடியில் கலந்திருக்கும் சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிட, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தணிந்த பிறகு இலைகளில் தெளித்தால் சில வாரங்களில் பசுமை திரும்பும். ஆனால் மண் மாறாதவரை மஞ்சளும் மீண்டும் வரும். செடியைச் சுவரை விட்டுத் தள்ளி, மட்கு நிறைந்த மண்ணுக்கு மாற்றுவதே நல்லது. வெட்சிக்கு ஈரம் வேண்டும் என்பதால், நீர் எட்டாத மூலையில் அதை வைக்க வேண்டாம்.

கேள்வி: வேலியோரம் வரிசையாக அரளி வைக்க விரும்புகிறேன். வீட்டில் சிறு குழந்தையும் இரண்டு ஆடுகளும் உண்டு.

பதில்: வைக்காதீர்கள். அரளியின் இலை, பூ, தண்டு, வேர் அனைத்திலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உள்ளது. காய்ந்த இலையிலும் அது குறைவதில்லை, வெட்டிய கிளைகளை எரித்தால் புகையும் தீங்கானது. வறட்சிக்கும் உப்புக்காற்றுக்கும் அதைப் போல ஈடுகொடுக்கும் செடி அரிது என்பதை அறிந்தே சொல்கிறேன். அதற்குப் பதிலாகச் செம்பருத்தியையும் டெகோமாவையும் மாற்றி மாற்றி நடலாம். டெகோமா என்று நினைத்து மஞ்சள் அரளியை வாங்கிவிட வேண்டாம். அதுவும் கொடிய நஞ்சே. டெகோமாவின் இலை, ஓரத்தில் பல்வெட்டுள்ள பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். மஞ்சள் அரளிக்கு ஒடுங்கி நீண்ட ஒற்றை இலை; கிள்ளினால் பால் வடியும். டெகோமாவின் நீண்ட காய்களை வெடிப்பதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். சில நாடுகளில் அது களையாகப் பரவியிருக்கிறது.

கேள்வி: மண் ஈரமாக இருந்தும் நித்தியகல்யாணி திடீரென வாடுகிறது, பாலைவன ரோஜா எனப்படும் அடினியத்தின் பருத்த அடித்தண்டு மெத்தென்று ஆகிவிட்டது. இரண்டையும் காப்பாற்றலாமா?

பதில்: இரண்டுமே வேரழுகல்தான். நித்தியகல்யாணியை மண்ணோடு அப்புறப்படுத்திவிட்டு, வாடாத நுனிக்கிளை இருந்தால் மணல் கலந்த புது மண்ணில் நட்டுப் பாருங்கள். வாடுகிறதே என்று மேலும் நீர் ஊற்றுவது அதை விரைவில் கொன்றுவிடும். அடினியத்திற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். கையுறை அணிந்து, ஏனெனில் அதன் பாலும் நஞ்சு, செடியைப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தியால் அரிந்துகொண்டே போய், பழுப்பு நிறம் சிறிதும் இல்லாத கெட்டியான சதை தெரியும்போது நிறுத்துங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தியைத் துடைக்க வேண்டும். காற்றோட்டமான நிழலில் ஒன்றிரண்டு வாரம் காயம் உலர்ந்த பிறகு, பருமணலும் செங்கல் பொடியும் மிகுந்த கலவையில் நடுங்கள். முதல் ஒரு வாரம் நீரே வேண்டாம்.