ஒன்பதாயிரம் டாலருக்குப் பெரிய மெஷின் வாங்கலாமா, அக்கா?

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர் ஓய்வு பெற்ற செவிலியர். கோலார் தங்கவயலில் பிறந்தவர், ஆஸ்திரேலியாவின் பெண்டிகோவில் வசிக்கிறார். 13 வருஷமாக விக்டோரியா காடுகளில் டிடெக்டரோடு (மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடும் கருவி) தங்கம் தேடி வருகிறார்.

கேள்வி: வணக்கம் அக்கா. மெல்பர்ன் டாண்டினோங்கில் இருக்கிறேன். மூன்று வருஷமாக மைன்லேப் கம்பெனியின் ஈக்வினாக்ஸ் 800 டிடெக்டர் வைத்திருக்கிறேன். கடற்கரையில் நாணயங்களும் இரண்டு மோதிரங்களும் கிடைத்தன. டனோலி, டார்னகுல்லா என்ற தங்க ஊர்கள் பக்கம் ஒன்பது தடவை போனேன். வந்ததெல்லாம் ஈயக் குண்டும் ஆணியும்தான். தங்கம் என்று அரை கிராமில் ஒன்றே ஒன்று. 9,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறேன். மேன்டிகோர், ஜிபிஎக்ஸ் 6000, ஜிபிஇசட் 7000, செகண்ட் ஹேண்ட் ஜிபிஎக்ஸ் 5000, இந்த நாலில் எதை வாங்கலாம்? போன வருஷம் முதுகில் டிஸ்க் விலகி இரண்டு மாதம் படுத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: தம்பி, டிஸ்க் விஷயத்தைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஜிபிஇசட் 7000 மூன்றே கால் கிலோவுக்கு மேல். பெல்ட்டும் பங்கீ கயிறும் மாட்டினால் பாரம் தோளுக்குப் போகும், உண்மைதான். ஆனால் ஒரு நாளில் ஆறு மணி நேரம் அதை இடமும் வலமும் வீசி, நூறு தடவை குனிந்து தோண்ட வேண்டும். 31 வருஷம் வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், டிஸ்க் விலகிய முதுகுக்கு இது வேண்டாம். ஆழத்தில் கிடக்கும் பெரிய துண்டுகளை எடுப்பதில் அதற்கு நல்ல பெயர் உண்டு, அதில் எனக்கும் மறுப்பு இல்லை. உங்கள் பட்டியலில் இருந்து அதை அடித்துவிடுங்கள்.

மேன்டிகோரையும் அடித்துவிடலாம். நல்ல மெஷின்தான். கடற்கரையிலும் பழைய குடியிருப்பு இடங்களிலும் இரும்புக்கு நடுவில் நாணயத்தைப் பிரித்துக் காட்டுவதில் கெட்டி. ஆனால் உங்கள் ஈக்வினாக்ஸும் அதுவும் ஒரே வம்சம், இரண்டுமே விஎல்எஃப், அதாவது குறைந்த அதிர்வெண் அலையில் வேலை செய்கிறவை. தங்கத்துக்காக அதற்கு மாறுவது அதே மாட்டுக்குப் புதுக் கயிறு கட்டுகிற மாதிரி. உங்களை ஒன்பது தடவையும் கிட்டத்தட்ட வெறுங்கையோடு அனுப்பியது மெஷினின் வயசு இல்லை, அங்கே இருக்கிற மண்.

டனோலி மண்ணை ஒரு கை அள்ளி அதில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். தாடி முளைத்த மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அவ்வளவு இரும்புத் தாது. விஎல்எஃப் மெஷின் நிறுத்தாமல் அலையை அனுப்பிக்கொண்டே, அதே நேரத்தில் திரும்பி வருவதையும் கேட்கிறது. அப்போது மண்ணே சத்தம் போடும். சுட்ட செங்கல் நிறத்தில் கிடக்கும் 'ஹாட் ராக்' கற்கள் தங்கம் மாதிரியே கூப்பிடும். சத்தம் தாங்காமல் நாம் சென்சிட்டிவிட்டியைக் குறைப்போம், அதோடு ஆழமும் போய்விடும்.

ஜிபிஎக்ஸ் வரிசை பல்ஸ் இண்டக்‌ஷன், பிஐ என்பார்கள். ஒரு துடிப்பை அனுப்பி, சட்டென்று நிறுத்தி, அந்த அமைதியில் காது கொடுக்கிற முறை. கோயில் மணியை அடித்து நிறுத்தினால் ரீங்காரம் நெடுநேரம் நிற்கும். சலங்கை மணி டிக் என்று அடங்கிவிடும். மண்ணுக்குள் இருக்கிற உலோகமும் அப்படித்தான். பெரிய கட்டி நீளமாக முழங்கும், கடுகளவு தங்கம் கண் இமைப்பதற்குள் ஓய்ந்துவிடும். அந்தச் சின்னச் சத்தத்தைப் பிடிக்க வேண்டுமானால் மெஷின் துடிப்பை நிறுத்திய உடனே, மைக்ரோ செகண்டுகளில் கேட்க ஆரம்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் மண்ணின் முனகலும் இருக்கும். அதைக் கழித்துவிட்டுக் கேட்கத் தெரிய வேண்டும். நீங்கள் கொடுக்கிற காசில் பெரும்பங்கு இந்த ஒரு காரியத்துக்குத்தான் போகிறது. 2021ல் வந்த ஜிபிஎக்ஸ் 6000 இதில் 5000ஐ விடத் தெளிவாக முன்னால் நிற்கிறது. எடையும் இரண்டு கிலோவை ஒட்டித்தான், முதுகில் தனியாக பேட்டரி கட்ட வேண்டியதில்லை. மண்ணுக்கேற்ப அதுவே சரி செய்துகொள்வதால் பொத்தான்களும் குறைவு.

ஆகவே நாலில் ஒன்று என்றால் உங்களுக்கு 6000. ஆனால் நாளைக்கே கடைக்குப் போக வேண்டாம், இன்னும் இரண்டு மூன்று விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, 6000இல் இரும்பைத் தள்ளும் வசதி கிடையாது. ஈக்வினாக்ஸில் திரையில் வரும் எண்ணைப் பார்த்து 'இது ஆணி' என்று தாண்டிப் போய்ப் பழகியிருப்பீர்கள். இதில் எண்ணே இல்லை, சத்தம் மட்டும்தான். ஆணி, துப்பாக்கித் தோட்டா, வேலிக் கம்பித் துண்டு எல்லாவற்றையும் தோண்டியாக வேண்டும். 5000இல் டிடி என்ற வகைக் காயில் (தரைக்கு மேல் வீசுகிற தட்டு) போட்டால் மேலாக இருக்கும் இரும்பை ஓரளவு தள்ளலாம், ஆனால் அதை நம்பித் தாண்டிப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. 1850களில் கூடாரம் போட்ட இடங்கள் இவை. குப்பை இருக்கத்தான் செய்யும். முதுகோடு சேர்த்து இதையும் கணக்கில் வையுங்கள். நீளக் கைப்பிடி உள்ள பிக் (குந்தாலி) வாங்குங்கள், முழங்காலுக்குத் திண்டு கட்டுங்கள், குனியாதீர்கள், மண்டி போடுங்கள்.

இரண்டாவது, ஆழம். விலை மூன்று மடங்கு என்றால் ஆழமும் மூன்று மடங்கு என்று பலரும் நினைக்கிறார்கள். இயற்கை அப்படி விடாது. காயிலை விட்டுத் தள்ளிப் போகப் போக, சின்னப் பொருளின் சிக்னல் தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறைகிறது. அதாவது தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64இல் ஒரு பங்கு. எவ்வளவு கெட்டிக்கார இன்ஜினீயரும் இதைத் தாண்ட முடியாது. புது மெஷினில் நமக்குக் கிடைப்பது கூடுதலாகச் சில அங்குலம். அந்தச் சில அங்குலத்தில்தான் முந்தின தலைமுறை மெஷின்கள் விட்டுப்போன தங்கம் இருக்கிறது என்பதும் உண்மை.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். 1869 பிப்ரவரி 5ஆம் தேதி மோலியாகல்லில் ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்சும் 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டியை எடுத்தார்கள். சுமார் 71 கிலோ தங்கம், மண்ணுக்குள் சில சென்டிமீட்டரில் கிடந்தது. (இரண்டு பேரும் கார்ன்வால்காரர்கள். எங்கள் தங்கவயலுக்கும் கார்ன்வாலில் இருந்து சுரங்கக்காரர்கள் வந்தார்கள். சாம்பியன் ரீஃபில் இறங்கி வேலை பார்த்த என் அப்பா அவர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்.) 1980இல் கிங்கவர் பக்கம் 27 கிலோ 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கிடைத்தது. அது டிடெக்டரில் வந்ததுதான், ஆனால் அந்தக் காலத்து டிடெக்டர். 2023இல் இந்தத் தங்க ஊர்களைச் சேர்த்துச் சொல்லும் கோல்டன் டிரையாங்கிளில் ஒருவர் 4.6 கிலோ பாறை ஒன்றை எடுத்தார், அதற்குள் 2.6 கிலோ தங்கம். அவர் கையில் இருந்தது எது தெரியுமா? ஈக்வினாக்ஸ் 800. உங்களிடம் இருக்கிற அதே மாடல்.

பெரிய மெஷின் வீண் என்று சொல்ல இதை எழுதவில்லை, நானே 6000தான் வைத்திருக்கிறேன். காயில் தங்கத்துக்கு மேல் போனால்தான் எந்த மெஷினும் பேசும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒன்பது தடவை போனேன் என்கிறீர்கள். ஒன்பது தடவையும் ஒன்பது இடமா? அப்படியானால் அதுதான் முதல் தப்பு. அரை கிராம் எங்கே கிடைத்ததோ அங்கேயே திரும்பப் போங்கள். அந்தச் சரிவை நாலு நாள் பிரித்து, காயில் மண்ணை உரசுகிற உயரத்தில், ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி ஏறுகிற மாதிரி, பொறுமையாக நடங்கள். மேட்டில் வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) எங்கே வெளியே தெரிகிறது என்று பாருங்கள். அதிலிருந்து உதிர்ந்துதான் தங்கம் கீழே இறங்கியிருக்கும். வெள்ளைக்கல்லோடு துருப்பிடித்த இரும்புக்கல்லும் கலந்து கிடந்தால் என் கால் அங்கேயே நின்றுவிடும்.

போன ஜூலையில் டனோலிக்கு மேற்கே அப்படி ஒரு சரிவில் இருந்தேன். பலர் தோண்டிப் போன இடம், பழைய குழிகளில் புல் முளைத்துவிட்டது. ஹெட்போனில் ஒரே சீராக ஓடும் அந்த முனகல், ஒரு வேரின் பக்கத்தில் லேசாக வளைந்தது. சிக்னல் என்று சொல்ல முடியாது, பாடுகிறவர் மூச்சு வாங்குகிற அளவுதான். பூட்ஸால் மேல்மண்ணை வழித்துவிட்டு மறுபடி வீசினேன். அப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டது. ஒரு சாண் ஆழத்தில் மஞ்சள் களிமண். அதைப் பிளாஸ்டிக் ஸ்கூப்பில் அள்ளி, பாதியைக் கொட்டி, மீதியைக் காயில் மேல் ஆட்டினேன். பிறகு அதில் பாதி, அதிலும் பாதி. கடைசியில் உள்ளங்கையில் ஒரு சுண்டைக்காய் அளவு சேறு மிஞ்சியது. ஈயக் குண்டும் பாரமாகத்தான் இருக்கும், அதனால் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். ஈயம் சாம்பலாகத் தெரியும். இது நிழலிலும் மஞ்சளாகவே இருந்தது. வீட்டுத் தராசில் 0.7 கிராம். அதே இடத்தில் பழைய விஎல்எஃப்போடு நான் இரண்டு வருஷம் நடந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அது வாய் திறக்கவில்லை. பெரிய மெஷின் எதைத் தரும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தங்க ஊர்களில் டிடெக்டரை வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. ஒரு பிஐ மெஷினை இரண்டு வாரக்கடைசிகளுக்கு எடுங்கள். உங்கள் அரை கிராம் துண்டை ஒரு பிளாஸ்டிக் வில்லையில் டேப் போட்டு ஒட்டி, அந்தச் சரிவிலேயே சாய்வாக ஒரு துளை போட்டு உள்ளே தள்ளுங்கள். மேல்மண் கலையக் கூடாது. முதலில் ஈக்வினாக்ஸ், பிறகு வாடகை மெஷின். வித்தியாசத்தை உங்கள் காதே சொல்லும். முதுகு தாங்குகிறதா என்பதும் அந்த நாலு நாளில் தெரிந்துவிடும். பிறகு டைரியைத் திறந்து, வருஷத்துக்கு எத்தனை நாள் உண்மையாகவே போக முடியும் என்று எழுதுங்கள். இருபது நாளுக்கு மேல் என்றால் 6000 வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். ஆறு ஏழு நாள்தான் என்றால் ஈக்வினாக்ஸுக்கு 6 அங்குலக் காயில் ஒன்றை வாங்கி மாட்டுங்கள், மிச்சப் பணம் வங்கியில் இருக்கட்டும்.

செகண்ட் ஹேண்ட் 5000 பற்றி ஒரு வார்த்தை. விலை மலிவு, இன்னமும் தங்கம் எடுக்கிற மெஷின். ஆனால் அந்த மாடலுக்குப் போலிகள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. சீரியல் எண்ணைக் கம்பெனியில் சரிபார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். 2014இல் விளம்பரம் பார்த்து ஒருவரிடம் நான் ஒரு பழைய மெஷின் வாங்கினேன். அவர் வீட்டு வாசலில் அழகாக வேலை செய்தது. காட்டில் காயில் வயர் அசைந்தபோதெல்லாம் கத்தியது, உள்ளே அறுந்திருந்தது. போன் செய்தேன், எடுக்கவே இல்லை. அதனால் வாங்குமுன் கால் மணி நேரம் வீசிப் பாருங்கள், வயரை அசைத்துப் பாருங்கள்.

கேள்வி: மைனர்ஸ் ரைட் (தங்கம் தேடும் அனுமதிச் சீட்டு) எடுத்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் தேடலாமா? (வாசகி, கிளேட்டன்)

பதில்: இல்லையம்மா. விக்டோரியாவில் அது 10 வருஷத்துக்குச் செல்லும். அனுமதியுள்ள அரசு நிலத்தில் கிடைத்த தங்கம் உங்களுக்கே. ஆனால் தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் கூடாது, தனியார் நிலத்துக்கு உரிமையாளர் சம்மதம் வேண்டும், பிறர் குத்தகை எடுத்த சுரங்க நிலமும் விலக்கு. அரசின் ஜியோவிக் இணைய வரைபடத்தில் முந்தின நாள் இரவே பார்த்துவிடுங்கள். பூர்வகுடி மக்களின் கல்லாயுதங்களோ அடுப்பு இடங்களோ கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள், அது சட்டமும்கூட. குழியை மூடாமல் வராதீர்கள். கங்காருக் குட்டி ஒன்று திறந்த குழியில் காலை ஒடித்துக்கொண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன், இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: பொங்கலுக்கு மதுரைப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறோம். டிடெக்டரைக் கொண்டுபோய் எங்கள் வயலில் பார்க்கலாம் என்று மகன் ஆசைப்படுகிறான். (வாசகர், வெண்ட்வொர்த்வில்)

பதில்: வேண்டாம் என்று மகனிடம் அன்பாகச் சொல்லுங்கள். இந்தியாவில் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும், சொந்த வயலானாலும் சரி. சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கீழடியில் ஒரு பானை ஓட்டுக்கு மதிப்பு வந்தது அது எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தது என்பதால். ஒரு காசை டிடெக்டர் வைத்துப் பிடுங்கி எடுத்தால் காசு மிஞ்சும், அந்த விவரம் போய்விடும். மெஷினை வீட்டில் வைத்துவிட்டு அவனைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். திரும்பி வந்ததும் எழுதுங்கள், ஜூலையில் டனோலிக்கு நானே அழைத்துப் போகிறேன். இரும்பு முனை இல்லாத பூட்ஸ் மட்டும் அவனுக்கு வாங்கி வையுங்கள். இரும்பு இருந்தால் காலடிக்குக் காலடி மெஷின் கத்தும்.